பழைய காரின் தோல் இருக்கை: சேதம் எந்த அடுக்கில் இருக்கிறது?

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1959 முதல் 1967 வரை தயாரிக்கப்பட்ட ஜாகுவார் மார்க் 2 காரின் கதவைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க ஓரம். வலப்பக்கம் ஸ்டீயரிங் கொண்ட காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் அந்த ஓரத்தை அழுத்தி உராய்ந்துகொண்டு போகிறது. அறுபது ஆண்டுகளில் அங்கே நிறம் தேய்ந்து, வெளிறிய கோடுகளாக விரிசல்கள் ஓடியிருக்கும். பின்னிருக்கையின் சாய்மானத்தில் நிலைமை வேறு. அதன் மேல்விளிம்பில் யாரும் உராய்வதில்லை; ஆனால் பின்கண்ணாடி வழியாக வரும் வெயில் நாள்தோறும் அங்கேயே விழுவதால் தோல் சுருங்கி, விறைத்து, தையலை ஒட்டிப் பிளந்துபோகிறது. இரண்டையும் பார்ப்பவர்கள் ‘தோல் வெடித்துவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். முதலாவது இடத்தில் கெட்டுப்போனது பெரும்பாலும் தோலின் மேல் பூசிய வண்ணப் படலமும் அதற்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கும் மட்டுமே. இரண்டாவது இடத்தில் தோலின் புரதமே சிதைந்திருக்கலாம். எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்று தெரியாமல் தொடங்கும் எந்தப் பழுதுபார்ப்பும் நிலைப்பதில்லை என்பதால், அடுக்குகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மாட்டுத் தோலின் மேற்புறச் சவ்வும் மயிரும் பதனிடும் இடத்தின் சுண்ணாம்புத் தொட்டியிலேயே நீங்கிவிடுகின்றன. மிஞ்சுவது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். மயிர் இருந்த பக்கத்தில் இழைகள் மிக மெலிந்தும் நெருங்கியும் இருக்கும். தொழிலில் இதைத்தான் ‘கிரெயின்’ என்கிறார்கள். நாம் தொட்டுப் பார்க்கும் மயிர்க்கால் குழிகளும் மெல்லிய வரிகளும் இந்த அடுக்குக்கு உரியவை. அதற்குக் கீழே இழைகள் பருத்த கற்றைகளாகத் திரண்டு, எல்லாத் திசைகளிலும் ஒன்றினூடே ஒன்று நுழைந்து ஓடுகின்றன. கார் இருக்கைக்கு முழுத் தடிமனையும் பயன்படுத்துவதில்லை. தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து, கிரெயினும் அதன் அடியில் ஓரளவு கற்றைகளும் சேர்ந்த, சுமார் 1 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் அழகு கிரெயினிடமும் வலிமை கீழேயுள்ள கற்றைகளிடமும் இருக்கிறது. விரிசல் கிரெயினோடு நின்றுவிட்ட தோல் இன்னும் பலமாகவே இருக்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கொலாஜன் மூலக்கூறு என்பது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மூன்று புரதச் சங்கிலிகள். அதன் நீளம் சுமார் 300 நானோமீட்டர், குறுக்களவு ஒன்றரை நானோமீட்டர். இந்த மும்முறுக்கு அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். முறுக்கின் நடுவில் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினுக்கு மட்டுமே இடம் இருப்பதால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக அமைந்திருக்கிறது. கிண்டி வளாகத்தில் பிறந்த இந்த விளக்கம்தான், உலகில் எங்கோ ஒரு பட்டறையில் கிடக்கும் இருக்கைத் தோல் ஏன் இழுவையைத் தாங்குகிறது, ஏன் வெந்நீரில் சுருங்குகிறது என்பதற்கெல்லாம் அடிப்படை. இதை நாம் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

பதனிடாத கொலாஜன் ஈரத்தில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் முறுக்கு அவிழ்ந்து சுருங்கி, மேலும் சூடாக்கினால் ஜெலட்டின் ஆகிவிடும். 1884இல் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோமியப் பதனிடல் இந்த நிலையை மாற்றியது. குரோமியம் அணுக்கள் அருகருகே உள்ள சங்கிலிகளின் கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றை இணைப்பதால், தோல் கொதிநீரின் வெப்பத்தையே ஏறக்குறைய தாங்கும் நிலைக்கு வருகிறது. ஆனால் பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால், நீர் வெளியேறும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் பலகை போல் விறைத்துவிடும். அதனால் காய்வதற்கு முன்பே, நீரில் நுண்துளிகளாகக் கலந்த எண்ணெயை, அதாவது எண்ணெய்ப் பால்மத்தை, சுழலும் பீப்பாயில் தோலுக்குள் ஊட்டி, ஒவ்வொரு இழையையும் எண்ணெய்ப் பூச்சால் பிரித்துவைக்கிறார்கள். தோல் வளைவது இழைகள் நீளுவதால் அன்று; எண்ணெயும் ஈரமும் இடையில் இருப்பதால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான்.

இவை அனைத்துக்கும் மேலே, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தடிமனில் வண்ணப் படலம். 1878இல் லண்டனில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய கானலி நிறுவனம் ஜாகுவார், ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற கார்களுக்குத் தோல் வழங்கிவந்தது. அதன் பழைய தோல் ஆலை 2002இல் மூடப்பட்டது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்த் தோல்களில் வண்ணம் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சாகவே இருந்தது. மான்செஸ்டர் அருகே ஹைட் நகரில் செய்யப்பட்டு நம் ஊர்த் தையற்கடைவரை பெயர் பரவிய ரெக்சினிலும் துணியின் மேல் பூசப்பட்டிருந்தது இதே நைட்ரோசெல்லுலோஸ்தான். ஆகவே 1960களின் ஆடம்பரத் தோல் இருக்கையில் உட்கார்ந்தவர்களின் உடை உராய்ந்ததும் தோலின் மீது அன்று, ரெக்சினின் மேற்பரப்புக்கு நெருங்கிய உறவான ஒரு செயற்கைப் படலத்தின் மீதுதான்.

ஆண்டுகள் செல்லச் செல்ல மூன்று அடுக்குகளும் வெவ்வேறு வேகத்தில் மூப்படைகின்றன. நைட்ரோசெல்லுலோஸ் இயல்பில் உடையக்கூடியது. அதில் கலந்த இளக்கிப் பொருள்தான் அதை நெகிழவைக்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது, அந்த இளக்கி சிறிதுசிறிதாக ஆவியாகியும் தோலுக்குள் இறங்கியும் குறைந்துவிடுகிறது. கூடவே புற ஊதாக் கதிர்கள் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. தோலுக்குள் இருக்கும் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசுபிசுத்துக் கெட்டியாகிறது. சாதாரணக் காற்றில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை வைத்திருக்கும் தோல், தினமும் அதை இழந்தும் திரும்பப் பெற்றும் சுருங்கி விரிகிறது; ஒவ்வொரு சுற்றிலும் சில இழைகள் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கின்றன. இப்படி விறைத்த தோல் மடியும்போது, மடிப்பின் வெளிப்புறம்தான் அதிகமாக இழுபடுகிறது. வெளிப்புறத்தில் இருப்பது இளக்கியை இழந்த படலம். முதலில் அது பிளக்கிறது. பிளந்த இடத்தில் இழுவிசை முழுவதும் குவிவதால், அடுத்து அதன் நேர் கீழே கிரெயின் பிளக்கிறது. கைகளும் தலையும் படும் இடங்களில் வியர்வையும் உடல் எண்ணெயும் சேர்ந்து படலத்தை இளக்கி ஒட்டாமல் செய்துவிடுவதால், அங்கே விரிசலுக்குப் பதிலாக வண்ணம் உரிந்து வருவதைக் காணலாம்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய தோலுக்குக் கிரீமும் எண்ணெயும் தடவிக்கொண்டே இருந்தால் அது ‘ஊட்டம்’ பெற்று மீண்டும் இளகும் என்பார்கள். வண்ணப் படலம் முழுதாக இருக்கும் இடத்தில் தடவிய கிரீமில் மிகச் சிறிதளவே உள்ளே இறங்கும். மீதி மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும். படலம் வெடித்த இடத்தில் எண்ணெய் இறங்குவது உண்மைதான். ஆனால் அளவு மீறினால் தோல் கருத்து, தளர்ந்து, பிறகு எந்தப் பசையும் வண்ணமும் அதில் ஒட்டாது. மாட்டுக் கால் எலும்புகளிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பழைய இருக்கைகளில் ஊற்றித் தேய்ப்பவர்கள், பின்னால் அதைப் பழுதுபார்க்கப்போகிறவரின் வேலையை மும்மடங்காக்குகிறார்கள். எண்ணெய் தேவைப்படும் தோலுக்கு அதைச் செலுத்தச் சரியான வழி, உறையைக் கழற்றி, படலம் இல்லாத சதைப் பக்கத்திலிருந்து மெல்லிய பால்மமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதுதான். சிரமமான வழி, ஆனால் பலன் இதில்தான் கிடைக்கிறது.

அடுக்குகளைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. இருக்கைக்கு அடியில் மறைவான ஓரிடத்தில், பஞ்சு சுற்றிய குச்சியை அரக்குத் தின்னரில் நனைத்து லேசாக உருட்டிப் பார்க்க வேண்டும். பஞ்சில் வண்ணம் தாராளமாக ஏறி, தோலின் மேற்பரப்பு பிசுபிசுத்தால் அது பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. வண்ணம் அவ்வளவாக வராமல் மங்கல் மட்டும் தெரிந்தால், பிற்காலத்தில் யாரோ, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்த, அதாவது குறுக்குப் பிணைப்புள்ள, பாலியூரித்தேன் பூச்சை அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இந்த வேறுபாடு முக்கியம். பழைய அரக்கைக் கரைத்துப் பரப்பியே சிறு விரிசல்களை மூடிவிட முடியும், பாலியூரித்தேனில் அது நடக்காது.

அடுத்த சோதனை புரதத்துக்கு. உறையின் பின்பக்கத்தில் கிடுக்கியால் சில இழைகளைப் பிடித்து மெதுவாக இழுத்தால், நல்ல தோலில் அவை நீளமாக, எதிர்ப்புக் காட்டி வெளிவரும். சிதைந்த தோலில் கிடுக்கி முனையில் தூள்தான் மிஞ்சும். அருங்காட்சியகங்களின் ஆய்வகங்களில் இதையே துல்லியமாகச் செய்கிறார்கள்: ஈரமான சில இழைகளை நுண்ணோக்கியின் கீழ் மெல்லச் சூடாக்கி, அவை எந்த வெப்பநிலையில் சுருங்கத் தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்த வெப்பநிலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் கொலாஜன் சிதைந்திருக்கிறது. மிகவும் சிதைந்த தோலில் வெதுவெதுப்பான ஈரம் பட்டாலே போதும், இழைகள் சுருங்கி ஜெலட்டினாகிவிடும். அறுந்த புரதச் சங்கிலியை மறுபடி இணைக்கும் மருந்து எதுவும் கிடையாது. கிடுக்கியில் தூள் வந்தால், அந்தத் துண்டுக்கு வண்ணம் அடிப்பது வீண் செலவு.

இழைகள் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே தூய்மைப்படுத்தல். குரோமியத்தில் பதனிட்ட தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது; அதன் பி.எச். மதிப்பு நான்கை ஒட்டி இருக்கும். வீட்டுச் சோப்பின் மதிப்பு ஒன்பது, பத்து. அந்தக் காரம் எண்ணெயைப் பால்மமாக்கி வெளியே இழுத்துவிடும், பதனிடலின் பிணைப்புகளையும் தளர்த்தும். அதனால் தோலுக்கென்றே செய்த மென்மையான கழுவுநீரை நுரையாக்கி, குதிரைமயிர்த் தூரிகையால் வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் துணியால் எடுத்துவிட வேண்டும். வரிகளுக்குள் பல பத்தாண்டு அழுக்கு இருப்பதால் நுரை முதலில் கரும்பழுப்பாகவே வரும். வெளுக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுத்து, 600ஆம் எண் உப்புத்தாளால் விரிசலின் நிமிர்ந்த விளிம்புகளை மட்டும் மழுக்க வேண்டும்.

விரிசலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அது ஒரு பள்ளத்தாக்கு. இரு கரைகளிலும் வண்ணப் படலம் உட்புறமாகச் சுருண்டிருக்கும். தரையில் வண்ணம் ஏறாத இழைகள் நார்நாராக நிற்கும். வெளிச்சத்தை அவை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் அடர்நிறத் தோலில் விரிசல் வெளிறிய கோடாகத் தெரிகிறது. முதலில் இந்த இழைகளுக்குள் இறங்கிப் பிணைக்கும்படி மிக நீர்த்த அக்ரிலிக் பிணைப்பானை ஊட்டுகிறார்கள். அது காய்ந்த பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த நிரப்புப் பசையைச் சிறு தகட்டுக் கத்தியால் பள்ளத்துக்குள் அழுத்தி, மேலே எஞ்சியதை வழித்துவிடுகிறார்கள். பசையில் இருப்பவை நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் உருண்டைகள். நீர் ஆவியாகும்போது தந்துகி விசை அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி அழுத்த, அவை உருவிழந்து ஒரே படலமாக இணைகின்றன. தடித்த அடுக்காக இட்டால் மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டு உள்ளிருக்கும் நீரைச் சிறைப்பிடிக்கும். பின்னர் அது வெளியேறும்போது நடுவில் குழி விழும். ஆகவே மெல்லிய அடுக்கு, காய்தல், லேசான தேய்ப்பு, மறுபடியும் மெல்லிய அடுக்கு என்றே போக வேண்டும். ஒரு கையகல இடத்துக்கு அரைநாள் பிடிப்பது இயல்பு. அவசரக்காரர்கள் எபாக்சி போன்ற கெட்டிப் பசையை ஒரேயடியாக நிரப்பிவிடுகிறார்கள். அது தோலோடு சேர்ந்து வளையாது. இரண்டு பொருள்களின் விறைப்பு வேறுபடும் எல்லையில் இழுவிசை குவிவதால், பழைய விரிசலுக்கு இருபுறமும் புதிதாக இரண்டு விரிசல்கள் உண்டாகின்றன.

கிழிசலுக்கு நிரப்புவது போதாது, ஏனென்றால் அங்கே சுமை தாங்கும் கற்றைகளே அறுந்திருக்கின்றன. கிழிசலின் வழியாக ஒரு மெல்லிய துணி ஒட்டையோ சீவிய தோல் ஒட்டையோ உள்ளே நுழைத்து, தோலின் பின்பக்கத்தில் நெகிழும் பசையால் ஒட்டி, கிழிந்த விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கும்படி சேர்க்க வேண்டும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சரிவாகச் சீவாவிட்டால் அதன் வடிவம் மேலே அச்சாகத் தெரியும். நிரப்பிய பரப்பு வழுவழுவென்று தனித்துத் தெரியாமலிருக்க, அதே இருக்கையின் நல்ல பகுதியிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து, கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் அழுத்தி வரிகளைப் பதிக்கிறார்கள். தையல் கோட்டின் மீது விழுந்த கிழிசலுக்கு இந்த முறை உதவாது. உட்காரும் ஒவ்வொரு முறையும் இழுபடும் இடம் அது. அந்தத் துண்டை மாற்றித் தைப்பதே நேர்மையான வேலை.

நிறத்தைப் பொருத்துவதில் கலைஞரின் கண்ணும் இயற்பியலும் சந்திக்கின்றன. இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே வெயிலே படாத மடிப்பில் ஆலையிலிருந்து வந்த நாளின் நிறம் இன்னும் இருக்கும். வெளிப்பரப்பின் நிறம் வேறு. எதற்குப் பொருத்துவது? ஓர் ஓரத்தை மட்டும் பழுதுபார்த்தால் மங்கிய நிறத்துக்கே பொருத்த வேண்டும், இல்லையேல் ஓர் ஓரம் மட்டும் பளிச்சென்று நின்று மற்ற எல்லாவற்றையும் பழையதாகக் காட்டும். பட்டறையின் குழல்விளக்கில் ஒன்றிப்போன இரண்டு நிறங்கள் வெளியே பகலொளியில் பிரிந்து தெரிவதும் உண்டு. வெவ்வேறு நிறமிகளின் கலவைகள் ஒரு விளக்கின் ஒளியில் மட்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவதே காரணம். எனவே முடிவை எப்போதும் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கலந்த வண்ணத்தைத் தூரிகையால் பூசாமல் ஸ்பிரே கன்னால் பனிபோல் மெலிதாகப் பல முறை தூவுகிறார்கள். அப்போதுதான் வரிகள் நிரம்பி மறையாமல் நிற்கும். கடைசியில் குறுக்குப் பிணைப்பான் கலந்த நிறமற்ற மேற்பூச்சு. அதன் பளபளப்பை மட்டுப்படுத்துவது அவசியம். பழைய தோல் நெய் தடவியதுபோல் மின்னினால் யாருக்கும் உண்மை தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்து, அடியிலுள்ள மெத்தையைப் பார்க்காமல் விட்டால் ஆறு மாதத்தில் விரிசல் திரும்பும். அக்காலத்து இருக்கைகளில் ரப்பர் பாலிலிருந்து செய்த நுரை மெத்தை இருந்தது. பர்மிங்ஹாமின் டன்லப் ஆலையில் 1929இல் உருவான பொருள் அது. ஆக்சிஜன் ரப்பர்ச் சங்கிலிகளைத் தாக்க, நுரை முதலில் ஒட்டும் தன்மை பெற்று, பிறகு இறுகி, கடைசியில் ரொட்டித் துகளாக உதிர்கிறது. மெத்தை அமிழ்ந்தால் அதற்கு அளவெடுத்துத் தைத்த தோல் தொளதொளவென்று மடியத் தொடங்கும். எல்லா மடிப்பும் ஒரே கோட்டில் விழுந்து அங்கேயே வெடிக்கும். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் மீண்டும் மீண்டும் விரிசல் வருவதாகக் குறைசொல்லும் பலருடைய கார்களில் குற்றவாளி தோல் அன்று, அதன் அடியில் நொறுங்கிய நுரைதான். உறையைக் கழற்றியிருக்கும்போதே புது நுரை வைத்து, இற்றுப்போன பருத்தி நூல் தையல்களைப் பழைய துளைகள் வழியாகவே பாலியெஸ்டர் நூலால் மறுபடி தைத்துவிடலாம். புதுத் துளை போட்டால் தோல் அந்த வரிசையில் தபால்தலைத் தாளைப்போலக் கிழிந்துபோகும்.

முழு இருக்கையையும் புதுத் தோலால் மாற்றிவிடுவது எளிது என்று சொல்லும் பட்டறைகள் நிறைய உண்டு. வணிகக் கணக்கில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் 1966 செப்டம்பருக்குப் பிறகு வந்த மார்க் 2 கார்களில் செலவைக் குறைப்பதற்காக ஆம்ப்ளா என்ற செயற்கைத் தோலே வழக்கமான உறையாகிவிட்டது. அதற்கு முந்தைய கார்களில் ஆலை தைத்த அசல் தோல் எஞ்சியிருக்கிறது என்றால், கானலியின் பழைய தோல் ஆலை மூடப்பட்டுவிட்டதால், அங்கே செய்த தோலை இனி யாரும் புதிதாக வாங்க முடியாது. கிடுக்கியில் நீளமான இழை வரும்வரை அதைக் காப்பாற்றுவதே முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தூளாகிவிட்ட துண்டை மட்டும், பெரும்பாலும் பின்சாய்மானத்தின் மேல்விளிம்பை, பிரித்தெடுத்து மாற்றலாம். எடுத்த துண்டை எறியாமல் அளவுக்கும் நிறத்துக்கும் மாதிரியாகக் காரோடு வைத்திருப்பது அடுத்துவரும் பழுதுபார்ப்பவருக்கு உதவும்.

மேற்பூச்சு தொட்டுப் பார்க்கச் சில நிமிடங்களில் காய்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும், குறுக்குப் பிணைப்புகள் முழுமையடையச் சில நாள்கள், குளிர்காலமானால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை யாரும் உட்காராமலும் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு தேவைப்படுபவை எளியவை: நிழலில் நிறுத்துவது, பின்கண்ணாடிக்கு ஒரு திரை, வியர்வை படும் இடங்களை அவ்வப்போது ஈரத்துணியால் துடைப்பது, ஏறி இறங்கும்போது ஓரத்தின் மேல் தேய்த்துச் செல்லாமல் உடலைச் சற்றே தூக்கிக்கொள்வது.